பரண்மேல் கம்பளி

சக்குபள்ளத்து ஏலக்காய்த் தோட்டத் தொழிலாளர் லயத்தில் கொஞ்ச நாளாக யாரும் கம்பளி என்ற சொல்லை வாய்விட்டுச் சொல்வதில்லை. சொன்னால் சக்கையன்களுக்குக் கேட்டுவிடும் என்று பயம்.

சக்கையன் யார் என்றுதானே கேட்கிறீர்கள்? ஆடி மழை பிடித்துக்கொண்ட வாரத்தில், மேகத்துக்குள்ளிருந்து ஒரு பெரிய உருண்டை இறங்கியது. பிள்ளைகள் பந்து விளையாடும் மைதானத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. விளையாட்டு போயிற்று. உருண்டையிலிருந்து இறங்கியவர்கள் நல்ல ஆள் உயரம். உடம்பெல்லாம் பலாப்பழத் தோல். தலைக்கு மேலே இரண்டு காம்பு, காம்பு நுனியில் கண். பலாப்பழத்துக்கு அந்தப் பக்கத்தில் சக்கை என்று பெயர், அதனால் அவர்கள் சக்கையன்கள் ஆனார்கள். எந்த உலகத்துக்காரர்கள் என்று கேட்க யாருக்கும் தைரியம் வரவில்லை.

போலீஸ் ஜீப் வந்தது. பாதி மேட்டில் இன்ஜின் தானாக அணைந்து நின்றது. பின்னால் வந்த ராணுவ லாரிக்கும் அதே கதிதான்.

சக்கையன்களுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான், கம்பளி. மலைக்குளிர் அவர்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. வீடு வீடாக நுழைந்து கம்பளி, ஸ்வெட்டர், குரங்குக் குல்லாய் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போனார்கள். தர மாட்டேன் என்றால் ஒரு தொடு தொடுவார்கள். தொட்ட இடம் அரைநாள் மரத்துப்போகும். ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் அடுப்பெரிக்கும் சங்கையா தன் மஃப்ளரை விடாமல் பிடித்துக்கொண்டதில் வலது கை தொங்கிப்போய், அவர் மனைவிதான் டீயை ஊட்டிவிட வேண்டியிருந்தது.

ஆர்த்தி ஐந்தாம் வகுப்பு. சுவருக்கு அந்தப் பக்கம் அவளுடைய தோழி அன்னமேரியின் வீடு. அன்று காலையில்தான் அன்னமேரி அவளை உள்ளே கூப்பிட்டு, அடுப்புக்கு மேலே விறகு அடுக்கும் பரணைக் காட்டினாள்.

"எடீ, விறகுக்குப் பின்னால ஒரு கம்பளி இருக்கு. டிஜோவுக்கு. நெஞ்சுல சளி, ராத்திரி பூரா இழுக்குது. இது போச்சுன்னா பொத்த வேற இல்ல. யாருகிட்டயும் சொல்லிராத."

டிஜோ அன்னமேரியின் தம்பி. பல் முளைக்காத வாயால் ஆர்த்தியைப் பார்த்துச் சிரித்தான்.

"சத்தியமா சொல்ல மாட்டேன்" என்றாள் ஆர்த்தி. அவள் அந்தச் சத்தியத்தைக் காப்பாற்றினாள் என்றும் சொல்லலாம். காப்பாற்றவில்லை என்றும் சொல்லலாம். அங்கேதான் வம்பே.

யார் வந்தாலும் காய் முற்றாமல் நிற்காது. அதனால் லயத்துப் பெரியவர்கள் எல்லாரையும் போல ஆர்த்தியின் அம்மா முருகேஸ்வரியும் காய் எடுக்கத் தோட்டத்துக்குப் போயிருந்தாள். அப்பாவுக்கு மூணாறில் ஓட்டல் வேலை, பாதை அடைத்ததால் அவர் வர வழியில்லை. ஆர்த்தி தனியாக இருந்தாள். மத்தியானம் ஒரு சக்கையன் குனிந்து உள்ளே நுழைந்தது.

ஒன்றின்மேல் ஒன்றாக ஏழெட்டுக் கம்பளி போர்த்தியிருந்தது. கண் இரண்டும் வெளியே தெரிய, காம்பு ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்னக் காலுறை மாட்டியிருந்தது. அப்படியும் கிடுகிடுவென்று நடுங்கிக்கொண்டிருந்தது.

"அன்பார்ந்த பொதுமக்களே" என்றது. உள்ளே ஆர்த்தி ஒருத்திதான் இருந்தாள். கம்பம் ஊரிலிருந்து வரும் துணிக்கடை விளம்பர ஆட்டோவைக் கேட்டுத்தான் சக்கையன்கள் தமிழ் கற்றிருந்தார்கள். "கம்பளிகளை உடனே எடுத்து வாருங்கள். இன்றே கடைசி."

கட்டில்மேல் இரண்டு கம்பளிகள் மடித்துக் கிடந்தன.

"அது எங்களோடது. எடுக்காதீங்க."

"வேறு எங்கே இருக்கிறது? காட்டுபவர்களுக்குச் சிறப்புச் சலுகை. அவர்கள் வீட்டில் எடுக்க மாட்டோம்" என்று சொல்லிக் கையைத் தூக்கியது. ஆர்த்திக்குச் சங்கையாவின் தொங்கிய கை நினைவுக்கு வந்தது.

லயத்து வீடுகளில் நடுச்சுவர் கூரை வரை போகாது. மேலே இருக்கும் இடைவெளி வழியாகப் பக்கத்து வீட்டுப் பரணின் நுனி தெரியும். ஆர்த்தி வாயைத் திறக்கவில்லை. ஆனால் அவள் கண் மேலே போயிற்று. பரணில் ஒரு கணம் நின்றுவிட்டுத் திரும்பியது.

காம்புக் கண் இரண்டும் அதே வழியில் போய்த் திரும்பின.

"உங்கள் ஆதரவுக்கு நன்றி" என்றது சக்கையன். போகும்போது கதவில் நீலமாக ஒரு கறையைத் தடவிவிட்டுப் போனது. இந்த வீட்டில் நுழைய வேண்டாம் என்று மற்றவர்களுக்கு அது அடையாளம்.

சற்று நேரத்தில் பக்கத்து வீட்டில் விறகு சரியும் சத்தம் கேட்டது. "அது மட்டும் வேண்டாம், கொச்சுப் பிள்ளைக்கு வேணும்" என்று அன்னமேரி கெஞ்சுவதும், பிறகு டிஜோ வீறிடுவதும் கேட்டன.

ஆர்த்தி காதைப் பொத்திக்கொண்டாள். 'நான் ஒன்றும் சொல்லவில்லையே' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அது உண்மைதான். உண்மையாக இருந்தும் ஏன் காதிலிருந்து கையை எடுக்க முடியவில்லை என்றுதான் அவளுக்குத் தெரியவில்லை. உண்மையைச் சொன்னால், தெரிந்தும் இருந்தது.

சாயங்காலம் அன்னமேரி வீங்கிய கண்ணோடு வந்து நின்றாள்.

"நேரா பரணுக்குப் போச்சுடி. வேற எங்கயும் பாக்கவே இல்ல. எப்படித் தெரிஞ்சிருக்கும்?"

"அதுக்கு மோப்பம் இருக்கும் போல" என்றாள் ஆர்த்தி.

"உங்க வீட்டுக்கு வரலையா?"

"வந்துச்சு. சும்மா பாத்துட்டுப் போயிருச்சு."

அப்போது வேலையிலிருந்து வந்த முருகேஸ்வரி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கட்டிலிலிருந்து ஒரு கம்பளியை எடுத்து அன்னமேரியின் கையில் வைத்தாள். "நமக்கு ஒண்ணு போதும். புள்ளையப் பொத்து. ஒளிச்சு வச்சாத்தான தேடுது, வெளியவே கிடக்கட்டும், பாத்துக்கலாம்."

அன்னமேரி ஆர்த்தியைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். "உன்னைப் போல ஒருத்தி எனக்குக் கிடைக்க மாட்டாடி" என்றாள்.

ஆர்த்திக்குக் காதெல்லாம் எரிந்தது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். கதவின் வெளிப்பக்கம் இருந்த நீலக்கறை அன்னமேரியின் கண்ணில் பட்டுவிடுமோ என்று கதவைச் சுவரோடு தள்ளிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அன்று படுக்கையில் அவள் நெளிந்துகொண்டே இருந்தாள்.

"என்னடி?" என்றாள் அம்மா.

"குளிருதும்மா."

"கம்பளிக்குள்ள நுழைஞ்ச உடனே அப்படித்தான். செத்தப் பொறு, நம்ம சூடு அதுல ஏறட்டும்."

சூடு ஏறியது. அம்மா தூங்கிப்போனாள். ஆர்த்திக்குத்தான் அந்தச் சூட்டில் படுத்திருக்கவே வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலை லயத்துக்காரர்கள் குழாயடியில் கூடியிருந்தார்கள். முருகேஸ்வரி குடத்தை வைத்திருந்தாள். சங்கையா முகம் கழுவிக்கொண்டிருந்தார். அன்னமேரி இடுப்பில் டிஜோ, அவனைச் சுற்றி ஆர்த்தி வீட்டுக் கம்பளி. மஞ்சுமூட்டத்துக்குள்ளிருந்து நேற்று வந்த அதே சக்கையன் இறங்கி வந்தது. எல்லாரும் ஒதுங்கினார்கள். அது ஆர்த்திக்கு முன்னால் வந்து நின்று, காம்பு இரண்டையும் மரியாதையாக வளைத்தது.

"அன்பார்ந்த பொதுமக்களே, நேற்று நன்றாகக் காட்டினீர்கள். இன்று எந்த வீடு?"

குடம் நிரம்பி வழிந்தது. யாரும் அதைக் கவனிக்கவில்லை.

"என்னடி சொல்லுது இது?" என்றாள் முருகேஸ்வரி.

"நான் ஒண்ணும் சொல்லலம்மா" என்றாள் ஆர்த்தி. சொல்லி முடிப்பதற்குள் அன்னமேரியின் முகத்தைப் பார்த்துவிட்டாள். அந்த முகம் இன்னும் அவளை நம்பிக்கொண்டிருந்தது. அதற்குமேல் ஆர்த்தியால் முடியவில்லை.

"வாயால சொல்லல. கண்ணால காட்டுனேன். பரணைப் பாத்தேன். நான் பாத்தா அதுவும் பாக்கும்னு தெரிஞ்சேதான் பாத்தேன். பயமா இருந்துச்சு."

முருகேஸ்வரி திட்டவில்லை. குனிந்து குழாயை மூடினாள். அடி வாங்கியிருந்தால் தேவலை என்று இருந்தது ஆர்த்திக்கு.

அன்னமேரி டிஜோவைச் சுற்றியிருந்த கம்பளியை அவிழ்த்து நீட்டினாள். "இந்தா. எங்களுக்கு வேண்டாம்."

ஆர்த்தி கை நீட்டவில்லை. சக்கையன் நீட்டியது. கம்பளியை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டது.

"ஆகா, சூடு" என்றது. நடுக்கம்கூட ஒரு நொடி நின்றது. பிறகு மறுபடி கிடுகிடு. "சூடு போய்விட்டது. தரமில்லாத சரக்கு."

ஆர்த்திக்கு அம்மா படுக்கையில் சொன்னது சட்டென்று நினைவுக்கு வந்தது.

"அது கம்பளியோட சூடு இல்ல" என்றாள். "டிஜோவோட சூடு. கம்பளிக்குன்னு சூடு கிடையாது. உள்ள இருக்கறவங்க சூட்டைப் புடிச்சு வைக்கும், அவ்வளவுதான். உங்க உடம்புல சூடே இல்ல. ஊர்க் கம்பளி அத்தனையும் போத்துனாலும் நடுங்கத்தான் செய்வீங்க."

சக்கையனின் காம்புகள் தொங்கிப்போயின. அத்தனை வீட்டிலும் பிடுங்கியது வீண் என்று அதற்குப் புரிந்திருக்க வேண்டும்.

"அப்படியானால் சூடு எங்கே கிடைக்கும்?"

ஆர்த்திக்குத் தெரியும். மேட்டுக்கு அந்தப் பக்கம் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர் இருக்கிறது. சங்கையா அங்கே இரவு பகலாக அடுப்பெரிப்பார். கதவைத் திறந்தால் முகத்தில் அனல் அடிக்கும். கதவு எப்போதும் மூடியிருக்கும், புகையை மஞ்சு மறைத்துவிடும். அதனால் சக்கையன்களுக்கு அது தெரியவில்லை.

அவள் கண் மேட்டுப் பக்கம் போகப் பார்த்தது. ஆர்த்தி சட்டென்று இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொண்டாள்.

"எனக்கு ஒரு எடம் தெரியும். எல்லார் கம்பளியும் திரும்பி வரட்டும், அப்புறம் காட்டுறேன். முதல்ல டிஜோவோடது."

"கண்ணைத் திற."

"மாட்டேன்."

தோளில் எதுவோ பட்டது. ஓடைக்கல் மாதிரி ஜில்லென்று இருந்தது. அங்கிருந்து விரல்நுனி வரை வலது கை காணாமல் போயிற்று. மூடிய இமைக்குள்ளிருந்து கண்ணீர் வழிந்தது. கண் மட்டும் திறக்கவில்லை.

"கண்ணைத் திற. இன்றே கடைசி."

"சங்கையா மாமா" என்றாள் ஆர்த்தி, கண்ணை மூடியபடியே. "உங்களக் கேக்காம சொல்லிட்டேன்."

புகை வாசனை அடிக்கும் சட்டை ஒன்று அவள் பக்கத்தில் வந்து நின்றது.

"சாவி என் இடுப்புலதான் இருக்கு" என்றார் சங்கையா. "புள்ள சொன்னபடி செஞ்சா நானே தெறந்து விடுறேன். இல்லேன்னா இன்னொரு தடவை கை தொங்கினாப் பரவாயில்ல, ஊட்டிவிட வீட்டுல ஆளு இருக்கு."

யாரோ சிரித்தார்கள். அப்புறம் ஈரமண்ணில் கால்கள் போவதும் வருவதும் கேட்டன. தொப் தொப்பென்று எதுவோ விழுந்துகொண்டே இருந்தது. வெகுநேரம் கழித்து அம்மாவின் குரல் கேட்டது.

"போதும்டி. திற."

குழாயடியில் கம்பளிகள் மலைபோலக் குவிந்திருந்தன. காலுறையைக்கூடக் கழற்றிவிட்டு சக்கையன்கள் எல்லாரும் வெறும் தோலோடு நடுங்கிக்கொண்டு நின்றார்கள். பார்க்கப் பாவமாக இருந்தது. ஆர்த்தி முன்னால் நடந்து, அவர்களை ஸ்டோருக்குக் கூட்டிப்போனாள்.

ஏலக்காய்த் தட்டுகளுக்கு நடுவே அவர்கள் வரிசையாக உட்கார்ந்தார்கள். மெல்ல நடுக்கம் நின்றது. பச்சைத் தோல் மஞ்சளாகி, கம்மென்று வாசனை வேறு வந்தது. "பழுத்திருச்சுங்க" என்றார் சங்கையா. வரும் வழியில் அவர்கள் உருண்டையின் அடுப்பு அணைந்துபோனதாம். சங்கையா வாளி வாளியாகக் கனல் அள்ளிக் கொடுத்தார். இரண்டு நாளில் உருண்டையும் சூடேறிவிட்டது.

கிளம்பும்போது அந்தச் சக்கையன் டிஜோவுக்கு முன்னால் வந்து நின்றது.

"அன்பார்ந்த பொதுமக்களே" என்று தொடங்கிவிட்டு விழித்தது. விளம்பர ஆட்டோ யாரிடமும் மன்னிப்புக் கேட்டதே இல்லை. அதனால் அந்த வார்த்தை அதற்குத் தெரியவில்லை. காம்புகள் ஆர்த்தி பக்கம் திரும்பின.

"மன்னிச்சிரு" என்று சொல்லிக்கொடுத்தாள் ஆர்த்தி. சக்கையனைப் பார்த்துச் சொல்லவில்லை, அன்னமேரியைப் பார்த்துச் சொன்னாள்.

"மன்னிச்சிரு" என்றது சக்கையன். டிஜோ சிரித்தான். அன்னமேரி அவனை இடுப்பில் ஏற்றிக்கொண்டு திரும்பி நடந்தாள்.

உருண்டை போயிற்று. அன்று சாயங்காலம் முருகேஸ்வரி தேங்காய் நாரை நீட்ட, ஆர்த்தி கதவு நீலத்தைத் தேய்த்தாள். எவ்வளவு தேய்த்தும் லேசாக ஒரு நிழல் மிஞ்சியது.

பள்ளிக்கூடம் திறந்தது. அன்னமேரி முன்னால் நடந்தாள், ஆர்த்தி பின்னால் நடந்தாள். அப்படியே பல நாள் போயிற்று. ஆர்த்தி அவளைக் கூப்பிடவில்லை. கூப்பிட வாய் வரவில்லை.

ஒரு மழை நாளில் சுவருக்கு மேலிருந்து குரல் வந்தது.

"எடீ, இங்க வா."

ஆர்த்தி ஓடினாள். அன்னமேரி டிஜோவின் கம்பளியோடு பரணுக்குக் கீழே நின்றிருந்தாள்.

"அதுங்க திரும்பி வந்தா? ஒளிச்சு வைக்கப்போறேன். கண்ணை மூடு."

ஆர்த்தி மூடினாள். விறகு நகரும் சத்தம் கேட்டது. பிறகு எந்தச் சத்தமும் இல்லை. டிஜோ மட்டும் தரையில் எதையோ தட்டிக்கொண்டிருந்தான்.

"சரி, திற" என்றாள் அன்னமேரி. "வேற எடத்துல வச்சிருக்கேன். நீயும் பாத்து வச்சுக்கோ."

ஆர்த்தி கண்ணைத் திறந்து பார்த்தாள்.