பதினொரு நொடி மூச்சு

ஸ்பீக்கரில் பதினொரு நொடிக்கு ஒரு தடவை வின்னி மூக்கை உறிஞ்சினாள். மூன்று வயதுக் குழந்தை பகல் தூக்கத்தில் கடிகாரம் பார்த்தா மூக்கை உறிஞ்சும்?

தூங்கும் குழந்தையின் சத்தத்தைக் கேட்கவைக்கும் கருவி கடையில் சல்லிசாகக் கிடைத்தாலும் எங்கள் தெரு ஆங்கஸ் ட்ரெலோர் வாங்கமாட்டான். மகள் அறையில் மைக், அடுக்களையில் ஸ்பீக்கர், நடுவில் ஒரு கணினி, அதில் அவனே திருத்தித் தொகுத்த லினக்ஸ் கர்னல் என்ற அடிநிரல். கான்பெராவில் இந்த வியாதி பலருக்கு உண்டு. மனைவி வேலைக்குப் போயிருந்தாள். ஜனவரி வெயிலுக்குத் திரைகள் மூடிக்கிடக்க, மலைப்பக்கத்துக் காட்டுத்தீயின் புகைவாடை ஜன்னல் இடுக்கில் கசிய, ஃபிரிட்ஜ் முனகுவதும் நின்றுபோவதுமாக இருந்த அடுக்களையில் அவன் நிரலைத் தோண்டினான்.

கிடைத்தது. அறையில் சத்தம் குறைந்தால், எப்போதோ பதிந்துவைத்த மூச்சின் நகலைக் கர்னல் ஓட்டிக்கொண்டிருந்தது. எட்டு மாதமாக அவன் காவல் காத்தது ஒரே பதினொரு நொடியை. மைக் இருக்கும்போது நகல் எதற்கு?

எல்லோருக்கும் பொதுவான கர்னலில் அந்தப் பகுதியைப் பராமரிக்கும் மேவ், ஹோபார்ட்டில் இருப்பவள். போன் போட்டான்.

"பதினாலு வரி, சுத்த தண்டம். தூக்கிடறேன் மேவ்."

"யாரு சேர்த்ததுன்னு பாத்தியா?"

"யாரோ ஒருத்தன். காரணம்னு ஒரே வார்த்தை, 'வேணும்'னு. மெயில் போட்டா திரும்பி வருது."

"அடுத்தவன் எழுதினதை அழிக்கணும்னா உனக்குக் கை துறுதுறுங்குமே! முதல்ல உன் வீட்டுல ஓட்டிப் பாருப்பா. அப்புறம் அனுப்பு."

அழித்தான். தொகுத்தான். மறுபடி இயக்கினான்.

மூச்சு வந்தது. சீரில்லாத, ஈரமான, நிஜ மூச்சு. சிரித்துக்கொண்டான். அதற்கடியில் இன்னொன்று. கனமாக. வளர்ந்த ஆளுடையது.

எதிரொலி என்று சொல்லிக்கொண்டான். எழுந்தான், உட்கார்ந்தான், மின்விசிறியை நிறுத்தினான். நகலைத் திரும்பப் போட்டான்: வின்னி மட்டும். எடுத்தான்: இரண்டு பேர்.

ஓடிப்போய்க் கதவைத் திறந்தான். வின்னி தூங்கினாள். கட்டிலடியில் யாருமில்லை. அலமாரியில் யாருமில்லை. பிள்ளையை அள்ளிக்கொண்டு தெருவுக்கு ஓடியிருக்கலாம். ஆனால் இன்னொரு தரம் சோதிக்காமல் இந்த ஆட்களால் எதையும் நம்ப முடியாதே! கதவை ஒருக்களித்துவிட்டு அடுக்களைக்கு வந்தான்.

இரண்டு மூச்சு.

தன் மூச்சை அடக்கினான். கனத்த மூச்சும் நின்றது.

விட்டான். அதுவும் விட்டது.

"தள்ளிப் படு, அப்பா," ஸ்பீக்கரில் வின்னியின் தூக்கக் குரல். "வேர்க்குது."

கட்டில் கிரீச்சிட்டது.

"சரிடா செல்லம்."

ஆங்கஸின் குரல். ஆங்கஸ் வாயைத் திறக்கவில்லை.

நடைக் கோடியில், வின்னியின் அறைக்கதவு உள்ளிருந்து மெல்லச் சாத்திக்கொண்டது.