பாலத்தடிக் கம்பளம்

பாலத்தைத் தாண்டியதிலிருந்து ஹிஸ்கேயின் சறுக்குக் காலணியில் சத்தமே இல்லை.

உறைந்த கால்வாயில், தன் காலணிக் கத்திகள் பனிக்கட்டியைக் கீறும் ஒலியை மட்டும் கேட்டபடி, டொக்கும் நகரை நோக்கிச் சறுக்கிக்கொண்டிருந்தாள் பௌக்கே. இரு கரையிலும் வெளுத்த வயல்கள், எங்கிருந்தோ மாட்டுத் தொழுவ வாடை, மங்கிவரும் மாலை வெளிச்சம். தங்கை ஹிஸ்கே நீலக் கம்பளித் தொப்பியோடு பக்கத்திலேயே வந்தாள். அவள் வாயிலிருந்து மூச்சுப் புகை வரவில்லை.

"என்னக்கா, பேயறைஞ்ச மாதிரி வர்றே? வயசாயிடுச்சுன்னு ஒத்துக்கயேன்!"

"வாயை மூடிட்டு வா."

கால்வாய் உறைந்தாலும் பாலத்துக்கடியில் பனிக்கட்டி மெலிசாகத்தான் இருக்கும். அதனால் பாலத்தருகே வீடுள்ளவர் கரைமேல் பழைய கம்பளம் விரித்துவைப்பார். சறுக்கி வருபவர்கள் காலணியோடே அதில் ஏறி நடந்து, பாலத்தைச் சுற்றிக்கொண்டு போவார்கள். கம்பளம் இல்லாவிட்டால் அடியில் தாராளமாகப் போகலாம் என்று அர்த்தம். அந்தப் பக்கத்தில் பிறந்த யாரும் நின்று யோசிப்பதில்லை.

பாலத்தை ஒட்டிய வீடு அப்பா விட்டுப்போனது. படுத்த படுக்கையாய்க் கிடந்தவருக்கு வருஷக்கணக்கில் பீ மூத்திரம் அள்ளியவள் பௌக்கே. ராட்டர்டாமில் சொகுசாக இருந்த தங்கை அடக்கம் முடிந்த கையோடு வந்து, "வீட்டை வித்துடலாம்க்கா" என்றாள். பௌக்கேவுக்கு வயிறு எரிந்தது. இன்று காலை கம்பளத்தைச் சுருட்டிக் கொட்டகைக்குள் போட்டவள் அவளேதான்.

சற்று முன், பாலம் நெருங்கியதும், காலணிக் கயிற்றை இறுக்குவதுபோல் பின்தங்கினாள். ஹிஸ்கே பாலத்துக்கடியில் நுழைந்தாள். படீரென்று ஒரு சத்தம். பௌக்கே கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது, ஹிஸ்கே அந்தப் பக்கம் நின்று கையாட்டிக்கொண்டிருந்தாள்.

"நீ ஏன் கரைமேல சுத்தி வர்றே?" என்று மட்டும் கேட்டாள்.

இப்போது வேறொரு சத்தம் வந்தது. கீழேயிருந்து. கத்தி கீறுவதல்ல, நகம் கீறுவது. பௌக்கே வேகம் கூட்டினாள். அதுவும் கூட்டியது. நின்றாள். நின்றது.

"கேக்குதாக்கா?"

ஹிஸ்கே மண்டியிட்டு, பனிக்கட்டிமேல் படிந்திருந்த வெண்பொடியைக் கையால் துடைத்தாள். "நல்லாப் பாரு."

கறுத்த, தெளிந்த பனிக்கட்டி. அதனடியில் நீலக் கம்பளித் தொப்பி. மிதக்கும் கூந்தல். தேய்ந்து கிழிந்த விரல்கள்.

திறந்த கண்கள் பௌக்கேயைப் பார்த்தன. கீழே இருந்த வாய் அசைந்தது. குரல் அவள் காதருகே வந்தது.

"அக்கா, குளிருது. கையைக் குடு."