அடியில் விட்ட ஒரு பிடி

பொங்கலுக்கு இரண்டு கிழமை முன், வெயில் ஏறிய நேரத்தில்தான் ஞானேஸ்வரிக்கு அந்தச் சத்தம் கேட்டது. குசினியின் அடுப்படி மூலையில் மூடி போட்டிருந்த நீல வாளிக்குள் யாரோ மெதுவாக, நிறுத்தாமல் மென்றுகொண்டிருந்தார்கள். திறந்தாள். புழுங்கிய மா வாசம் முகத்தில் அடித்தது. அரிசி முழுக்க வண்டு ஊர்ந்து கருத்துக் கிடந்தது.

அது பிரதாபனின் அரிசி. போரின் கடைசிச் சண்டையில் காணாமல்போன மகனுக்காக, உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி எடுத்து வாளியில் போடுவாள். தை பிறந்ததும் கோயில் அன்னதானத்துக்குக் கொடுப்பாள். ஆனால் பிள்ளையின் பங்கு வெறுமையாகக் கூடாதென்று அடியில் ஒரு பிடியை விட்டுவிடுவாள். வண்டு அந்தப் பழசில் தங்கித்தான் புதுசுக்கு ஏறுகிறது என்று மகள் பிரியந்தினி எத்தனையோ தரம் சொல்லிவிட்டாள். இவள் கேட்டால்தானே.

"கோழிக்குக் கொட்டிப்போட்டு வாளியைக் கழுவுங்கோ அம்மா," என்றாள் மகள், வேலைக்குப் புறப்பட்டபடி. "பதினாறு வருசமாச்சுது. அண்ணான்ரை காரியத்தையும் செய்து முடிப்பம்."

"அவனுக்கு வாய்க்கரிசி போடச் சொல்லுறியோ?"

பிரியந்தினி சைக்கிளை எடுத்தாள்.

ஞானேஸ்வரிக்கு நெஞ்சு வெந்தது. பெற்றவள் கையாலேயே அதைப் போட்டுவிட்டால் பிறகு யாரைத் தேடுவது? முற்றத்தில் சாக்குப் படங்கை விரித்து அரிசியைக் கொட்டிப் பரப்பினாள். சூடு பட்டால் வண்டு வேப்பமர நிழலைப் பார்த்து ஓடும். வருடா வருடம் ஓடியதுதான்.

இன்று ஓடவில்லை.

படங்கின் நடுவுக்கே ஊர்ந்தன. ஒரு கரிய கோடு. பிறகு இரண்டு. கோழிகள் கிட்ட வரவில்லை. காற்று நின்றிருந்தது. ஆனாலும் எங்கிருந்தோ ஷெல்லுக்குப் பதுங்கிய பங்கர் மண்ணின் ஈர வாசம் வந்தது. மெல்லும் சத்தம். கோடுகள் சேர்ந்து ஓர் ஆளின் உருவாகின. தோள். கை. மடித்த இடது கால். பிரதாபன் சின்ன வயதிலிருந்தே அப்படித்தான் படுப்பான்.

அவள் முழங்காலில் விழுந்தாள். முகமும் நிறைந்துவிட்டது. வாய் இருக்கவேண்டிய இடத்தில் மட்டும் வண்டு இல்லை. அரிசியும் இல்லை. அந்த வட்டம் விரிந்தது, சுருங்கியது, விரிந்தது.

"எங்கையடா கிடக்கிறாய்," என்றாள். "பசிக்குதோ, ராசா?"

சத்தம் நின்றது.

படங்கில் கிடந்த அரிசியெல்லாம் மாவாகிப் போயிருந்தது. வாளியின் அடியில் மட்டும், பழக்கத்தில் விட்ட ஒரு பிடி. அள்ளினாள். போட்டால் மகன் இல்லை. போடாவிட்டால் பசியோடு கிடப்பான்.

அந்த வட்டத்தின் மேல் விரல்களை விரித்தாள்.

வாய் மூடியது. மென்றது. பிறகு மறுபடியும் திறந்தது.