மஃரிபுக்கு நின்றவர்கள்

முனாப்பின் எஞ்சின் சத்தம் கேட்டுக்கொண்டேதான் இருந்தது. அதுதான் றஸாக்குக்குப் பிடிக்கவில்லை. பின்னேர அசறுத் தொழுகைக்கு முன்பிருந்து கடல் பக்கம் அதே தூரத்தில், கூடாமலும் குறையாமலும் ஓடுகிற எஞ்சின். வருகிற போட் என்றால் இதற்குள் களப்பின் வாய்க்குள் நுழைந்து, சேற்றில் நிற்கும் கண்ணா மரங்களைச் சுற்றி, இந்த மணல் திட்டில் மூக்கை ஏற்றியிருக்க வேண்டும். பழுதாகி நின்றுவிட்டதென்றால் சத்தமும் நின்றிருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் என்ன அர்த்தம்?

சாய்ந்தமருதில் சொந்தமாக போட் வைத்திருந்த கூட்டாளிகள் மூன்று பேர்: றஸாக், அவன் தம்பி முனாப், மச்சான் சீனிமுகம்மது. கடல் அமர்ந்த நாட்களில் வலையை வீட்டில் போட்டுவிட்டு, ஆளுக்கொரு போட்டில் தெற்கே ஓடி, பொத்துவில் பக்கத்துத் திட்டுகளில் சமைத்துத் தின்று திரும்புவார்கள். இந்த முறை முனாப்பின் எஞ்சின் வழியிலேயே இருமத் தொடங்கியது. பிளக்கைக் கழற்றித் துடைத்துவிட்டு வருகிறேன், நீங்கள் போங்கள் என்றான். றஸாக்குக்கு மனமே இல்லை. முனாப்பின் மனைவி றம்ஸியாவுக்கு இது நிறைமாதம். உன் புருசனைக் கொண்டுவந்து சேர்ப்பது என் பொறுப்பு என்று அவளிடம் வாய்விட்டுச் சொல்லியிருந்தான். சீனிமுகம்மதுதான், அவன் என்ன தொட்டில் பிள்ளையா என்று சிரித்து இழுத்து வந்தான்.

அந்தச் சீனிமுகம்மது சோற்றைக் கிளறியபடி இன்னொன்றையும் சொன்னான். புயல் அடித்த வருசம் கடலில் செத்து ஒதுங்கிய மையித்துகளை இந்தத் திட்டில்தான் தாட்டார்களாம். குளிப்பாட்ட ஆளில்லை, இறுதித் தொழுகை தொழுவிக்க ஆளில்லை, அப்படியே மண்ணைத் தள்ளினார்களாம். இதைச் சொல்ல உனக்கு வேறு நேரம் கிடைக்கவில்லையா என்று றஸாக் எரிந்து விழுந்தான். விறகுப் புகையையும் மீறி, நாட்பட்ட ஈரச் சாக்கின் மணம் ஒன்று மணலிலிருந்து கிளம்பிக்கொண்டிருந்தது.

வெயில் இறங்கியது. தம்பி வரவில்லை.

"மஃரிபு தப்பப் போகுது மச்சான். நீ முன்னுக்கு நில்லு. என்ட ஓதலைக் கேட்டா மீனும் சிரிக்கும்" என்றான் சீனிமுகம்மது. தொழுதுவிட்டு உடனே தேடிப் போவதென்று முடிவாயிற்று.

கிப்லா மேற்கே, நின்றால் கடலுக்கு முதுகு. பின்பற்றித் தொழ ஒருவனே என்பதால் சீனிமுகம்மது வலப்பக்கம் ஒட்டி நின்று இகாமத் சொன்னான். இன்னொருவர் வந்தால் அவரோடு சேர்ந்து பின்னுக்கு நகர்ந்து வரிசையாவான், அதுதான் முறை. றஸாக் அல்லாஹு அக்பர் என்று தக்பீர் கட்டினான்.

எஞ்சின் நின்றது.

அல்ஹம்து ஓதத் தொடங்கினான். பின்னால் தண்ணீர் கலங்கியது. மணலில் கால்கள் ஏறின, ஈரச் சாரன் தொடையில் அடிக்கும் சத்தத்தோடு. இடப்பக்கம் ஒருவன் வந்து நின்றான். சீனிமுகம்மது பின்னுக்கு நகர்ந்தான். அல்லாஹ்வே, வந்துவிட்டான் பொடியன். சந்தோசத்தில் றஸாக்குக்குக் கடைசி வசனம் தழுதழுத்தது.

பின்னாலிருந்து ஆமீன் வந்தது. இரண்டு குரல் இல்லை. திட்டின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் ஆமீன்.

தொழுகையை முறித்தால் திரும்ப வேண்டும். அது அவனால் ஆகாது. கண்களை இறுக மூடிக்கொண்டு, அல்லாஹு அக்பர் என்று ருகூவுக்குக் குனிந்தான். பின்னால் ஒரு உடுப்பும் உரசவில்லை. ஒருவரும் குனியவில்லை.

குனியாமல், நின்றபடியே தொழும் தொழுகை ஒன்றே ஒன்றுதான் உண்டு. மையித்துத் தொழுகை.

இரண்டு பக்கமும் ஆட்கள் அவனைக் கடந்து முன்னால் போனார்கள். பாரம் சுமந்த நடை. எதையோ இறக்கினார்கள். மணல் அமுங்கியது. சொட்டு. சொட்டு.

நிமிர்ந்தான். வேறென்ன செய்வான், அல்லாஹு அக்பர். சுஜூதுக்குப் போனான்.

நெற்றி மணலில் படவில்லை.

ஈரத் துணி. துணிக்கடியில் நெஞ்செலும்பு. மண்ணெண்ணெய் மணம். கன்னத்தில் குளிர்ந்த ஒரு கை முட்டியது. கண்ணைத் திறந்தான். மடங்கி விறைத்த விரல்களுக்குள் எஞ்சினின் பிளக் இருந்தது.

பிளக் இல்லாமல் எந்த எஞ்சின் ஓடும்?

அல்லாஹு அக்பர் என்று வாய் தானாகச் சொல்ல, எழுந்து உட்கார்ந்தான். அது நாலாவது தக்பீர். மையித்துத் தொழுகை அதோடு முடியும். பின்வரிசை முழுவதும் வலமும் இடமும் திரும்பி ஸலாம் சொல்லியது.

சீனிமுகம்மது காதருகே குனிந்தான். திட்டுக்கு வந்தபிறகு தண்ணீரில் இறங்காத அவன் சட்டையிலிருந்து தண்ணீர் ஓடியது. "தோள் குடு மச்சான். ஒன்ட தம்பிதானே."

மையித்தின் மூன்று மூலையும் தூக்கியாயிற்று. றஸாக் நாலாவதுக்குத் தோள் கொடுத்தான். அவர்கள் ஊர்ப் பக்கம் திரும்பவில்லை. முழங்கால், இடுப்பு, நெஞ்சு என்று தண்ணீர் ஏற, கடலில் அதே தூரத்தில் எஞ்சின் மறுபடி ஓடத் தொடங்கியது.