உருண்டை நடக்கிறான்

எழுதி ஒட்டியதை நான் நம்புவதில்லை. நேரில் பேசுகிறவன் முகத்தைப் பார்க்கலாம். காகிதத்துக்கு முகம் ஏது? மூன்றாம் வகுப்போடு நின்றவன், எழுத்துக்கூட்டிப் படிக்கிறவன், அதனால் இப்படிச் சொல்கிறான் என்று நினைக்காதீர்கள். நன்றாகப் படித்தவர்களே எங்கள் கட்டடத்தில் அந்த நோட்டீசைப் படிக்கவில்லை.

எங்களுடையது மூன்று மாடிக் குடியிருப்பு. வாசலில் இரும்பு கேட். அதைத் தாண்டினால் லாரி போகிற ரோடு. நானே லாரி ஓட்டியவன்தான். சக்கரத்துக்குப் பக்கத்தில் நிற்கிற சின்னப் பிள்ளை டிரைவர் கண்ணில் படவே படாது. இதை நயமாகச் சொல்ல எனக்குத் தெரியாது.

கீழ்த்தளத்தில் என் எதிர்வீட்டுப் பெண் பட்டாசு. ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். நிஜப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பமாட்டாள். அவளுடைய தம்பிதான் உருண்டை. நடக்கப் பழகிய நாளிலிருந்து அவனுக்கு ஒரே திசைதான், கேட். நானே அவனை மறித்துத் தூக்கிவந்திருக்கிறேன். போகிறவர்களும் வருகிறவர்களும் கேட்டை ஆவென்று திறந்துபோட்டுப் போனால் அவன்தான் என்ன செய்வான்?

பட்டாசின் அம்மா குடியிருப்பின் செக்ரட்டரியிடம் முறையிட்டார். அவர் மூன்றாம் மாடிக்காரர். எழுத்து என்றால் உயிர். அன்றைக்கே ஒரு நோட்டீஸ் எழுதிக் கேட்டில் ஒட்டிவிட்டார்.

“இதன்மூலம் இக்குடியிருப்பில் வசிக்கும் அனைவரின் மேலான கவனத்திற்கும் கொண்டுவரப்படுவது யாதெனில், மேற்படி நுழைவாயிலானது…”

இப்படியே போனது. ‘சாத்தவும்’ என்ற சொல் கடைசி வரியில் உட்கார்ந்திருந்தது. அதுவரை யார் நிற்பார்கள்? ‘யாதெனில்’ வருவதற்குள் படியேறிவிட்டார்கள். கேட் திறந்தே கிடந்தது.

மறுநாள் சாயங்காலம் உருண்டை ஒரு காலை ரோட்டில் வைத்துவிட்டான். பள்ளிக்கூடம் விட்டு வந்துகொண்டிருந்த பட்டாசு ஓடிப்போய் அவன் சட்டையைப் பிடித்தாள். அவன் வீறிட்டான். அவள் அவனை உள்ளே இழுத்துவந்து கேட்டைச் சாத்தினாள்.

அப்புறம் அந்த நோட்டீசை முழுசாகப் படித்தாள்.

“செக்ரட்டரி மாமா பேசறப்ப இப்படிப் பேசமாட்டாரே, தாத்தா.”

நோட்டீஸ் என்றால் அப்படித்தான் இருக்கும் என்றேன். தானே ஒன்று எழுதப்போவதாகச் சொன்னாள்.

“எழுதி என்னத்தக் கிழிக்கப்போற?” என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

காலையில் பார்த்தால், செக்ரட்டரியின் நோட்டீசுக்குக் கீழே, அதை மறைக்காமல், ஓர் அட்டை. பெரிய பெரிய எழுத்து. நானே தடுமாறாமல் படித்தேன்.

“உருண்டை நடக்கிறான். எங்க தம்பிதான். நேத்து ரோட்டுல கால் வச்சிட்டான். கேட்டைச் சாத்திட்டுப் போங்க.”

பக்கத்தில் இரண்டு கால் முளைத்த பூசணிக்காய் மாதிரி ஒரு படம். அது உருண்டையாம்.

இரண்டாம் மாடிக்கார அம்மாள் படித்துவிட்டு முதலில் கேட்டைச் சாத்தினார். பிறகு பட்டாசின் வீட்டுக் கதவைத் தட்டி, எப்போது நடக்க ஆரம்பித்தான், ஏன் சொல்லவில்லை என்று கோபித்துக்கொண்டார். அவருக்குப் பின்னால் இன்னும் நாலு பேர்.

செக்ரட்டரி இறங்கி வந்தார். அட்டையைப் பார்த்ததும் முகம் சிவந்தது.

“நோட்டீஸ்ல பேசற மாதிரியா எழுதுவாங்க? வர்றவங்க சிரிப்பாங்க. எடு அத.”

பட்டாசு எதிர்த்துப் பேசவில்லை. “எடுத்துடறேன் மாமா. இன்னைக்கு ஒருநாள் மட்டும் இருக்கட்டுமே. நேத்து ரொம்பப் பயந்துட்டேன்.”

அவர் பதில் சொல்வதற்குள், தலைக்கவசத்தைக்கூடக் கழற்றாமல் பார்சல்காரர் ஒருவர் அவசரமாக உள்ளே நுழைந்தார். இரண்டடி வைத்தவர் அட்டையைப் பார்த்து நின்றார். திரும்பிப் போய்க் கேட்டைச் சாத்தி, கொண்டியையும் மாட்டினார்.

“எங்கேம்மா அந்த உருண்டை?” என்று சிரித்துக்கொண்டே கேட்டார்.

செக்ரட்டரியின் முகம் தொங்கிப்போனது. எனக்கு உள்ளுக்குள் கொண்டாட்டம்தான். ஆனால் பட்டாசு சிரிக்கவில்லை. பள்ளிக்கூடப் பைக்குள் துழாவிப் பேனாவை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

“நான் சின்னப் பொண்ணு மாமா. கீழ நீங்க கையெழுத்துப் போட்டாத்தான் எல்லாரும் மதிப்பாங்க.”

அவர் பேனாவையும் பார்த்தார், பெண்ணையும் பார்த்தார். பிறகு குனிந்து, ‘இப்படிக்கு, செயலாளர்’ என்று எழுதினார். அவர் எழுத்து முத்து முத்தாக இருக்கும். அதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

இப்போதெல்லாம் கேட் திறந்து கிடப்பதில்லை. குடியிருப்பில் ஒரே ஒருத்தனுக்குத்தான் அதில் கோபம். தினமும் கம்பியைப் பிடித்துக்கொண்டு எங்களைப் பார்த்துக் கத்துகிறான்.

பட்டாசு போகிறவர்களையும் வருகிறவர்களையும் நிறுத்திக் காட்டுகிறாள்.

“பாத்தீங்களா, ஒரு கையாலதான் பிடிச்சிருக்கான். இன்னொரு கை கொண்டியத் தேடுது.”