பாக்கியலெட்சுமி அனுப்பிய படங்கள்

சர்வரில் புதிதாக ஒரு படம் வந்திருந்தது. வந்திருக்கக் கூடாது. லுணுகலைக்கு மேலே மலை சரிந்து, தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயத்தை மூடிய பிறகு, அங்கிருந்து படம் அனுப்ப ஆளும் இல்லை, போனும் இல்லை. சேந்தன் திரைக்கு அருகில் குனிந்தான். முழுக் கறுப்பு. கீழே, அனுப்பியவரின் பெயர்: பாக்கியலெட்சுமி.

பதுளை பஸாரில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் இருந்தது அவன் அலுவலக அறை. மாலை மழை தகரத்தில் ஓயாமல் இரைய, கீழிருந்து பாண் வேகும் வாசனையும் பஸ் ஸ்டாண்டில் ஊர்ப்பெயர்களைக் கூவும் கண்டக்டர்களின் குரலும் ஈரக் காற்றோடு ஜன்னலுக்குள் வந்துகொண்டிருந்தன. மற்றவர்கள் மழைக்குப் பயந்து முன்னமே போய்விட்டார்கள்.

படங்கள் வந்து சேரும் வலைச்செயலியைச் செய்தவன் அவன்தான். லயத்துச் சுவரிலோ மலையிலோ வெடிப்புக் கண்டால், போனில் பக்கத்தைத் திறந்து படமெடுத்து, பொத்தானை அழுத்தினால் போதும். படம் சர்வருக்கு வரும். அங்கிருந்து அதிகாரிகளுக்குப் போகும். ஆனால் மழை தொடங்கியதும் படங்கள் குவிந்து சர்வர் நிரம்பிவிட்டது. வருகிற படங்களை ஏற்க மறுத்தது. மேலிடத்துக்குத் தெரிந்தால் ஏசுவார்கள். அவன் நிரலில் ஒரேயொரு வரியை மாற்றினான். படம் சேர்ந்தாலும் சேராவிட்டாலும், அனுப்பியவரின் திரையில் ‘கிடைத்தது, நன்றி’ என்று காட்டும் வரி. சர்வரைப் பிறகு ஆறுதலாகத் திருத்தலாம் என்று நினைத்தான்.

அந்த லயத்துப் பாக்கியலெட்சுமி மட்டும் நம்பாமல் அவனுக்குப் போன் எடுத்தாள்.

“தம்பி, செவுத்துல கை போற அளவுக்கு வெடிச்சிருச்சு. படம் வந்துச்சுங்களா?”

“ஓம் அக்கா, வந்தது. பாத்திட்டம். பயப்பிடாதேங்கோ.”

அவன் எதையும் பார்த்திருக்கவில்லை. மறுநாள் விடிவதற்குள் மலை இறங்கிவிட்டது.

இப்போது அவன் அந்தக் கறுப்புப் படத்தின் வெளிச்சத்தைக் கூட்டினான். கறுப்பு மெல்ல மெல்லச் செம்மண்ணாக மாறியது. மண்ணில் அறுந்து தொங்கும் தேயிலை வேர்கள், வேர்களுக்கிடையில் நசுங்கிய ஒரு தகரம், ஓரத்தில் கூழாகிப்போன ஏதோ துணி.

யாரோ போனைத் தோண்டி எடுத்திருக்க வேண்டும். அப்படித்தான் இருக்க வேண்டும். அவள் கணவன் கந்தப்பனுக்கு அழைப்பு எடுத்தான். அன்று ஆஸ்பத்திரியில் கிடந்ததால் தப்பியவர். இப்போது பாடசாலை மண்டபத்தில் தங்கியிருந்தார்.

“அண்ணை, அக்கான்ர போன் கிடைச்சதோ?”

“எங்கங்க கெடைக்கும்? அவளே இன்னும் கெடைக்கலையே.” கந்தப்பன் இருமினார். “அவ கேட்டதுக்குப் பதில் சொன்னது நீங்க ஒருத்தர்தான், ஒங்களத்தான் கும்புடணும் தம்பி. பக்கத்து வூட்டு ஆளுங்க எல்லாம் கோயிலுக்குப் போயிருவோம்னு மூட்டை கட்டிட்டாங்களாம். இவதான், ஆபீஸ்ல படத்தப் பாத்துட்டாங்க, பயமில்லன்னு சொன்னாங்கன்னு அம்புட்டுப் பேரையும் நிறுத்தி வச்சாளாம். கடைசியா எங்கிட்டப் பேசுனதும் அதத்தான்.”

சொல்லிவிடலாம் என்று சேந்தன் வாயைத் திறந்தான்.

“தம்பி? இருக்கீங்களா?”

“ஓம்... பிறகு எடுக்கிறன் அண்ணை.”

போனை வைத்தபோது அடுத்த படம் வந்திருந்தது. மண். மண்ணுக்குள் நகக்கணுவரை தேயிலைக் கொழுந்துக்கறை ஏறிய ஒரு கை, அவன் பக்கமாக விரிந்து.

அவன் சர்வரை நிறுத்தினான். படம் வந்தது. இணைய வயரைப் பிடுங்கினான். வந்தது. ஒவ்வொன்றிலும் மண் கொஞ்சம் விலகியிருந்தது. ஒரு குழந்தையின் பாதம். திறந்த வாய், உள்ளே மண். கன்னத்தோடு கன்னம் அழுந்திக் கிடந்த இருவர். மூடாத கண்கள். எல்லாரும் இந்தப் பக்கம் பார்த்தபடி. எதையோ கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பவர்கள் போல.

“நான் பாக்கேல்லை,” என்றான் சேந்தன், திரையிடம். “அக்கா, ஒரு படமும் வரேல்லை. நான் பொய் சொன்னனான்.”

படங்கள் நின்றன.

அப்போதுதான் கவனித்தான். மழையின் இரைச்சல் இல்லை. கண்டக்டர்களின் குரல் இல்லை. பாண் வாசனை போய், புதிதாக வெட்டிய குழியின் வாசனை அறையை நிறைத்திருந்தது. ஜன்னல் கண்ணாடிக்கு வெளியே தெருவிளக்கு இல்லை, வானம் இல்லை. வெறும் கருமை, கண்ணாடியோடு ஒட்டி.

கண்ணாடி கிறீச்சிட்டது.

அவன் கதவுக்கு ஓடினான். கைப்பிடி குளிர்ந்து ஈரமாக இருந்தது. உள்நோக்கி இழுத்தான்.

படிக்கட்டு இல்லை.

கதவு நிலையின் ஒரு புறத்திலிருந்து மறுபுறம்வரை செம்மண். சரியாமல், உதிராமல், கதவின் பலகை அச்சு அப்படியே பதிந்து, ஒரு சுவராக நின்றது. நெஞ்சுயரத்தில் மண்ணுக்குள் ஒரு போன் வெளிச்சம் மங்கலாக எரிந்தது. அதைப் பற்றியிருந்த விரல்கள் ஒவ்வொன்றாக அசைந்தன.

அதன் அருகில் இன்னொரு வெளிச்சம். மேலே ஒன்று. காலடியில், ஒரு குழந்தை எட்டும் உயரத்தில், ஒன்று. ஆழத்தில், இன்னும் ஆழத்தில், லயம் முழுக்க விழித்துக்கொள்வது போல, மண்ணுக்குள் வெளிச்சங்கள் ஒவ்வொன்றாக ஒளிர்ந்துகொண்டே போயின.

எல்லாம் அவன் முகத்தை நோக்கி.