ஆடாமல் பிடித்த கை

முட்டியில் துணி உரசினாலே ஊரைக் கூட்டும் பிள்ளை, எக்ஸ்ரே அறைக்குள் ஒரு முனகல்கூட இல்லாமல் கிடந்தது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த தாய்க்கு முதலில் உறுத்தியது அதுதான்.

மகள் எங்கும் விழவில்லை, அடிபடவும் இல்லை. புது வீட்டுக்குக் குடிவந்ததிலிருந்து வலது காலை இழுத்து இழுத்து நடந்தாள். கேட்டால், "அப்பா பிடிச்சிருக்காரும்மா" என்பாள். அவள் சொன்னது தாயின் இப்போதைய கணவனை அல்ல, செத்துப்போன முதல் கணவனை. மரம் அறுக்கும் இயந்திரத்துக்குச் சுண்டுவிரலையும் மோதிரவிரலையும் பறிகொடுத்தவன். மிச்ச விரல்களாலேயே உடும்புப் பிடி பிடிப்பான். தாய் பிள்ளையோடு வாசலைத் தாண்டப் பார்த்தபோதெல்லாம் அவன் பிடித்து இழுத்தது பிள்ளையின் காலைத்தான். பெற்றவள் தானாகத் திரும்பி வருவாள் என்று அந்தப் படுபாவிக்குத் தெரியும். அவன் செத்த அன்று, சனியன் தொலைந்தது என்று வாய்விட்டே சொன்னாள்.

இப்போது ஒரே ஒரு விரிசல் போதும். எலும்பில் விரிசல் இருந்தால் மாவுக்கட்டு போட்டுத் தீர்த்துவிடலாம். பெற்றவள் வேண்டிக்கொள்ளும் வேண்டுதலா இது? வேண்டிக்கொண்டாள்.

படம் எடுப்பவன் ஆரம்பத்திலேயே அவளைப் பார்த்துக் கர்ப்பமா என்று கேட்டிருந்தான். ஐந்தாம் மாதம் என்றாள். அப்படியென்றால் உள்ளே வரவே கூடாது, கதிர் வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது, குழந்தையின் காலை ஆடாமல் பிடித்துக்கொள்ள வேறு யாராவது வந்திருக்கிறார்களா என்றான். யாரும் இல்லை. மணல் பையை வைத்துச் சமாளித்துக்கொள்வதாகச் சொல்லிக் கதவைச் சாத்தினான்.

கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்தது. வயிற்றுக்குள் குழந்தை காலையிலிருந்தே உதைத்துக்கொண்டிருந்தது. அவள் கையை வைத்துத் தடவிக்கொடுத்தாள். பினாயில் நெடிக்கு நடுவே, கதவிடுக்கு வழியாக, ஈர மரத்தூளின் வாடை மெல்லக் கசிந்து வந்து அவள் தொண்டையில் ஒட்டிக்கொண்டது. மூக்கைப் பொத்தினாள். போகவில்லை. உள்ளே யாரோ கனைத்தார்கள். படம் எடுப்பவனின் குரல் இல்லை அது. விளக்கு அணைந்தது.

படம் எடுப்பவன் அவளை, அறையை ஒட்டியிருந்த தன் தடுப்புக்குள் கூப்பிட்டான். கோபமாக இருந்தான்.

"அவ்வளவு சொல்லியும் உள்ள போயிருக்கீங்களேம்மா? நான் பட்டனை அமுக்கத் திரும்பின நேரத்துல போய்ப் பிடிச்சிருக்கீங்க. பாருங்க, உங்க கையும் படத்துல விழுந்திருக்கு."

திரையில் மகளின் முட்டி. விரிசல் இல்லை. முட்டியை வளைத்து ஒரு கையின் எலும்புகள். கட்டைவிரல். ஆள்காட்டி. நடுவிரல். அப்புறம் இரண்டு மொட்டைகள்.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிவிட்டது. அவள் தன் இரண்டு கைகளையும் அவன் முன்னால் விரித்தாள். அவன் விரல்களைப் பார்த்தான், திரையைப் பார்த்தான். முகத்தில் ஈயாடவில்லை.

அவள் அறைக்குள் ஓடினாள். போகக் கூடாத அறைதான். பிள்ளை உள்ளே இருக்கும்போது எந்தத் தாய் நிற்பாள்?

மணல் பை தரையில் கிடந்தது. மரத்தூள் வாடை. மகள் மேசையிலிருந்து குதித்து ஓடி வந்தாள். காலை இழுக்கவில்லை.

"வலிக்கலம்மா. அப்பா விட்டுட்டாரு."

தாய் அவளை வாரி அணைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். அழுகை அடங்கியதும், எங்கே போனார் என்று மெதுவாகக் கேட்டாள்.

மகள் அவள் வயிற்றையே பார்த்தாள்.

"நீ உள்ள வந்தல்ல? இப்ப பாப்பா காலைப் பிடிச்சிருக்காரு."

உதைத்துக்கொண்டிருந்த குழந்தை, ஆடாமல் நின்றது.